வியாழக்கிழமை மெஷின் ஓடாது

என் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தபோது எங்கள் சோடா கம்பெனி ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே பட்டணத்திலிருந்து பழசாக வாங்கி வந்த மெஷின் ஒன்று, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, மரப்பெட்டிகளில் கோலி பாட்டில்கள். அவ்வளவுதான்.

மூடிவிட்டுப் பள்ளிப்பட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கே அந்த எண்ணம் இருந்தது. நான் மாட்டேன் என்றேன். அவர் ரயிலேறுவதற்கு முந்தைய வாரம் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மெஷினில் இருக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து மூட வேண்டும். கேஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கூண்டு தலைகீழாகப் புரளும்போது கேஸ் உள்ளே ஏறும், கோலி போய்ப் பாட்டிலின் வாயை அடைத்துக்கொள்ளும். விரிசல் விட்ட பாட்டிலாக இருந்தால் வெடிக்கும். அதனால் முகத்துக்குக் கம்பி வலை, இரண்டு கைகளுக்கும் சாக்குத் துணி.

"வலையைக் கட்டாம மட்டும் நிக்காதே," என்று ஸ்டேஷனிலும் ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் அவர் வண்டியேறினார்.

மகளைத் தவிர என்னுடன் இருந்தவள் என் நாத்தனார். அவருடைய தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தாள். அவள் பாட்டில் கழுவுவாள். ஒரு மாட்டு வண்டிக்காரர் பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். மற்றதெல்லாம் நான். பட்டணத்திலிருந்து சிலிண்டர் வரவழைப்பது, அதற்குப் பெர்மிட் வாங்கத் தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நிற்பது, எசன்ஸ் கலப்பது, சோடா போடுவது, கடைக்காரர்களோடு பேசுவது, வீட்டுக்கு வந்து உலை வைப்பது.

ஆரம்பத்தில் தெருவில் சிரித்தார்கள். பொம்பளை போடுகிற சோடாவில் கேஸ் நிற்குமா என்று கேட்டவர்கள் ஒரு கோடைக்குள் என்னிடமே பெட்டி கேட்டு வந்தார்கள். பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ரயிலேறி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்த வருஷம் அது. வாடகைக்கு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்கவில்லை. அரக்கோணத்தில் எந்த நேரமும் பட்டாளத்துச் சிப்பாய்கள். கிருத்திகை வந்தால் மலைக்கு ஏறுகிற கூட்டம் வேறு. எவ்வளவு போட்டாலும் விற்றது. ஸ்டேஷனில் பலகாரக் கடை எடுத்து நடத்தியவர் தினமும் பெட்டி கேட்டார். பள்ளிப்பட்டுக் கடைகளும் கேட்டன. யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதைவிட, சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

உடம்பு எப்போது கெட்டது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே நாள் முழுக்க வேலை செய்து முடித்தவளைப் போல இருந்தது. தலை வாரிக்கொள்வது பெரிய காரியமாகி, கையால் கோதி முடிந்துகொண்டு போக ஆரம்பித்தேன். சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. உப்புப் போட மறந்த குழம்பை முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகு நாத்தனார்தான் சொன்னாள். என் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். உதடு அசைவது தெரியும், பேச்சு உள்ளே இறங்காது. பாட்டிலோடு பாட்டில் இடிக்கும் சத்தம் கேட்டால் பல் கூசும். சோடா கம்பெனி நடத்துகிறவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனால் என்ன ஆகும்? ஒரு நாள் கொட்டகைக் கதவின் முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பூட்டைத் திறக்கக் கை எழவில்லை. கையில் வலி எதுவும் இல்லை. வெறுமனே எழவில்லை. வண்டிக்காரர் வந்து சாவியை வாங்கித் திறந்தார். பித்தம் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு முற்பகல். சாக்குத் துணியை எடுத்துக் கையில் சுற்றிக் கட்டுவதே பாரமாகத் தோன்றியதால் கட்டாமலே வேலை செய்துகொண்டிருந்தேன். கூண்டைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தபோது வெடித்தது. நான் அடுத்த பாட்டிலை எடுத்து வைத்து மூடினேன். கைப்பிடியைச் சுற்றினேன். அதன் பிறகு இன்னொன்று.

"அண்ணி, இன்னா இது ரத்தம்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எங்கே?"

"தொட்டியில பாருங்க. உங்க கையில பாருங்க."

பார்த்தேன். இடது முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழிந்திருந்தது. தொட்டித் தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது.

"ஆங், பாட்டில் வெடிச்சுது," என்றேன். "வண்டி நிக்குது. இந்தப் பெட்டி முடிஞ்சதும் கட்டிக்கிறேன்."

அவள் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கைப்பிடியை விடவும் இல்லை. அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் நடந்தது எனக்குப் புரிந்தது. என் கையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, எனக்கு அதில் எந்த அக்கறையும் இல்லை.

வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு அதிலேயே என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே தைத்தது ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும்.

"வெட்டுப்பட்டப்போ வலிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"இப்போ தைக்கிறேனே, இதுவுமா வலிக்கல?"

"வலிக்குதுங்க. ஆனா வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி இருக்குது."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு மீதித் தையலையும் போட்டு முடித்தார். "நான் சொல்ற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது. கை ஆறிடும். மத்ததுக்கு என்கிட்ட மிக்சர் மருந்து கிடையாதும்மா. அதை நீங்கதான் பார்த்துக்கணும்."

வீட்டுக்கு வந்து முதலில் தூங்கினேன். கூச்சமே இல்லாமல் பகலிலும் தூங்கினேன். பிறகு காரணம் இல்லாமல் அழுகை வந்தது. ஒரு சொம்பு கை தவறி விழுந்ததற்கு வெகு நேரம் அழுதேன். மகள் பயந்துபோய் அந்தச் சொம்பை எடுத்துக் கழுவித் துடைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு காலை பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. பசித்தது. அந்தப் பசி எனக்குக் காணாமல் போய்க் கிடைத்த ஆளைப் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு வந்திருந்தது பித்தமும் இல்லை, திருஷ்டியும் இல்லை என்று விளங்கியது. மெஷின் சூடேறினால் நிறுத்தி எண்ணெய் விடுகிறவள் நான். அந்த அளவு கவனத்தைக்கூட அதைச் சுற்றுகிறவளுக்கு நான் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் நாத்தனார் வந்து நின்றாள்.

"நான் போட்றேன் அண்ணி."

"உனக்கு எங்கே தெரியும்?"

"தினமும் பார்த்துகினுதானே இருக்கேன்."

அவள் போட்ட முதல் பெட்டிகள் வெறும் தண்ணீர். ஸ்டேஷன் கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பினார். வண்டியில் திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்ததும் கைக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு மெஷினிடம் ஓடத் தோன்றியது. கொட்டகை வாசல்படி வரைக்கும் போனேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சுத்து, இப்போ கேஸை மூடு," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சில நாட்களில் அவள் பாட்டிலைத் திறந்தால் தெரு முனைக்குச் சத்தம் கேட்டது. நான் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே நம்பிக்கொண்டது அது. அந்த நம்பிக்கை உடைந்ததில் முதலில் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

கை ஆறி மெஷினுக்குத் திரும்பியபோது சில முடிவுகளோடு போனேன். செவ்வாயும் வெள்ளியும் மலைக்குக் கூட்டம். புதனில் சந்தை. வியாழக்கிழமைதான் கொஞ்சம் ஓய்ந்த நாள். அன்று மெஷின் ஓடாது. கொட்டகையைப் பூட்டிவிடுவோம். மத்தியானத்துக்கு மேல் மெஷின் நாத்தனாருடையது. அந்த நேரத்தில் நான் கொட்டகைக்குள் நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே முடிவு செய்தேன். நின்றால் கையை நீட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வண்டிக்காரரிடம் சொன்னபோது, "நம்ம மாட்டுக்கும் ஒரு நாள் லீவு ஆச்சு," என்றார்.

முடிவு எடுப்பது சுலபம். ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது ஸ்டேஷன் கடைக்காரர் நேரிலேயே வந்தார்.

"ரெண்டு மடங்கு வேணும்மா. இந்த வருஷம் கூட்டம் தாங்காது."

"எப்பவும் போட்றதைப் போட்டுக் கொடுக்கறேங்க. அதுக்கு மேல முடியாது."

"கேஸ் இல்லியா? நான் சொல்லி வாங்கித் தரட்டுமா?"

"கேஸ் இருக்குதுங்க. ஆள்தான் இல்ல."

"அதான் நீங்க இருக்கீங்களே."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அரக்கோணத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கிருத்திகைக்கு மட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவர் என்னிடம் வரவில்லை. பொம்பளை கம்பெனி படுத்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். போய்ச் சரி சொல்லிவிடலாமா என்று நினைக்காத நாளில்லை. நினைக்கும்போதெல்லாம் முழங்கைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன். போகவில்லை. ஆடிக் கிருத்திகை அன்று பொழுது சாய்ந்ததும் கொட்டகையைப் பூட்டிவிட்டு, மகளையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு காவடிகளுக்கு நடுவே மலையேறினேன். அந்த ஊரில் இருந்துகொண்டே எத்தனையோ கிருத்திகைகளைத் தவறவிட்டிருந்தேன். போன வியாபாரத்தைப் பள்ளிப்பட்டுக் கடைகள் மெல்ல மெல்ல ஈடுசெய்தன. முழுவதும் ஈடாகவில்லை. போதுமான அளவுக்கு ஆனது.

யுத்தம் ஓய்ந்து என் கணவர் திரும்பி வந்தார். கறுத்து மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். மகள் முதலில் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொட்டகையைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். தங்கை மெஷின் சுற்றுவதைப் பார்த்து இன்னும் ஆச்சரியம். ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, "நான் போட்டதைவிட நல்லா கீது," என்றார். அந்தச் சந்தோஷம் முதல் வியாழக்கிழமை வரைக்கும் இருந்தது.

"இன்னாத்துக்குப் பூட்டி வச்சிகீறே?"

"வியாழக்கிழமை ஓடாதுங்க."

"ஆர்டர் இருக்குது, கேஸ் இருக்குது. சும்மா பூட்டி வச்சா இன்னா அர்த்தம்?"

கையைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். "அப்போ நீ தனியா இருந்தே. இப்போ நான் வந்துட்டேன் இல்ல," என்றார். பூட்டைத் திறந்தார்.

அவருக்குப் பெரிய யோசனைகள் இருந்தன. இரண்டாவது மெஷின், திருப்பதி வரைக்கும் சோடா. விடிவதற்கு முன்பே கொட்டகைக்குப் போய்விடுவார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்வார். ஸ்டேஷன் கடைக்காரரை மறுபடி பிடித்துக்கொண்டு வந்தார். வியாபாரம் ஏறியது. நானும் சில மாதம் எதுவும் சொல்லவில்லை. வந்த மனிதர் ஆசையாக வேலை செய்கிறார், அதைத் தடுப்பானேன் என்று இருந்தேன்.

ஒரு நாள் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு நான் திரும்பியபோதும் அப்படியே நின்றார். குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. எதையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். வேலை செய்யும்போது சீட்டியடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு, அது நின்றுபோயிருந்தது. வண்டிக்காரரை ஒன்றுமில்லாததற்குக் கத்தினார். மகள் பேசினால், "ஆங், ஆங்," என்றார், அவள் பேசி முடித்த பிறகும், "ஆங்," என்றார். எனக்கு அந்த வழி முழுவதும் தெரியும். அது எந்த இடத்தில் போய் முடியும் என்பதும் தெரியும்.

சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இது என் மெஷின். எப்போ ஓட்டணும்னு எனக்குத் தெரியும்," என்றார் இன்னொரு நாள்.

"உங்க மெஷின்தாங்க. இத்தனை வருஷம் ஓட்டினது நானு," என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வியாழக்கிழமை அவருக்கு முன்னால் எழுந்து கொட்டகைக்குப் போனேன். மெஷினின் கைப்பிடியைப் பிடித்திருந்த திருகைக் கழற்றினேன். கைப்பிடியை ஒரு மஞ்சள் பையில் போட்டேன். மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்கு முதல் பஸ் ஏறினேன். நாத்தனாரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அவள் சிரித்ததை அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

என் அப்பா நெசவு செய்கிறவர். தறியிலிருந்து தலையை நிமிர்த்தி, "பையில இன்னாம்மா, இரும்பு மாதிரி கீது?" என்றார்.

"இரும்புதான் நைனா. சோடா மெஷின் கைப்பிடி."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

அப்பா மறுபடி தறியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

என் கணவர் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மாமனார் முன்னால் சத்தம் போட முடியாது. "எங்கே அது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இருக்குது. சாயந்திரம் ஊருக்குப் போவும்போது தர்றேன். மோர் குடிங்க."

"வாங்க மாப்பிள்ளை. வெயில்ல வந்துகீறீங்க, படுங்க," என்று அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலை இழுத்துப் போட்டார். திரும்பிப் போகிற பஸ் வரும் வரைக்கும் உட்காருகிறேன் என்றுதான் அவர் உட்கார்ந்தார். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அப்படி ஒரு தூக்கம். தறிச் சத்தம் அவரை எழுப்பவில்லை. நிழல் நகர்ந்து முகத்தில் வெயில் விழுந்தபோது மகள் விசிறிமட்டையைக் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் கட்டிலை மெதுவாக நகர்த்தினேன்.

பொழுது இறங்கும்போது எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன்.

"இப்படித் தூங்கி எத்தினி வருஷம் ஆச்சு," என்றார்.

"வந்ததிலிருந்து நீங்க சரியாத் தூங்கலையே."

"தூங்க முடியல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மெஷின் ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியறதில்ல. அது நின்னுதுன்னா தலைக்குள்ள லாரி ஓட ஆரம்பிக்குது. முன்னால போன லாரிங்க, அதுல இருந்தவங்க. எல்லாம்."

இத்தனை மாதத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒன்று என்று நினைத்திருந்தேன். நான் வேலையால் காலியானவள். அவர் காலியாகாமல் இருக்க வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

"தலைக்குள்ள அந்த லாரி ஓடட்டும்," என்றேன். "வியாழக்கிழமை ஓடட்டும். நான் பக்கத்துல இருக்கேன். மெஷினைச் சுத்திச் சுத்தி அதை நிறுத்த முடியாதுங்க. உங்க கையும் ஒரு நாள் கிழியும்."

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மஞ்சள் பையை அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வியாழக்கிழமைகளில் கொட்டகை வாசலில் போய் நின்றுவிட்டு வருவார். சில வியாழக்கிழமைகளில் என்னிடம் பேசுவார், ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம், பிறகு எழுந்து நடந்துவிட்டு வருவார். நான் கூடவே நடப்பேன். திருப்பதி யோசனையை அவராகவே கைவிட்டார். இரண்டாவது மெஷினை வாங்கினோம். ஆனால் அதற்கு இன்னொரு ஆளை வைத்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாத்தனார் இனிமேல் கூலிக்கு வேலை செய்ய மாட்டேன், எனக்கும் பங்கு வேண்டும் என்று அண்ணனிடம் நேராகவே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். அன்று முதல் புது ஆட்களோடு பேசி முடிப்பது அவள் வேலையாயிற்று. வேலைக்கு வருகிறவனிடம் முதல் பேச்சாகவே வாரத்தில் எந்த நாள் வரக்கூடாது என்பதைச் சொல்லிவிடுவாள்.